அவளுடையதில் இருந்ததும் என்னுடையதில் இல்லாததும்

"ஓசி லேப்டாப்பு. அதுல ஓசி சாஃப்ட்வேர் வேற. இதுல என்னத்தா பெருசா ஓடிறப் போவுது?"

கீரமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் என் தோள்பையைப் பார்த்துக்கொண்டே என் தோழியின் அப்பா கேட்டார். அரபு நாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். அவர் கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் கிண்டலாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். "நல்லா ஓடுது மாமா" என்றேன். அந்த வாரம் அந்த மடிக்கணினியில் ஒலி வரவில்லை. வைஃபை குறியைக் காணவில்லை. திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் எதையும் கூட்டவில்லை. ஓடியது என்பது மட்டும் உண்மை.

தோழி என்று எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் இருவருக்கும் அரசாங்கத்தின் இலவச மடிக்கணினி கிடைத்தது. ஒரே நிறம், ஒரே பை. நாங்கள் இருவரும் சமமாக இருந்தது அந்த ஒரு கோடைக்காலம்தான். கல்லூரியில் சேர்ந்ததும் அவள் அப்பா புதியது ஒன்றை அனுப்பினார், பழையது அவர்கள் வீட்டுப் பரணுக்குப் போனது. என்னுடையது இன்றும் என் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் விடிவதற்குள் மல்லிகைக் கொல்லைகளுக்குப் பூ எடுக்கப் போகிறவர்கள். அந்த மடிக்கணினி வந்த முதல் வாரம் அம்மா அதைப் பட்டுச்சேலை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டி, நான் கேட்கும்போது மட்டும் சாவி கொடுத்தாள்.

நான் கணினி அறிவியல் படித்து முடித்துவிட்டு, கடைத்தெருவில் ஜெராக்ஸும் தட்டச்சும் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டா மனு, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்துப் பத்திரிகை என்று நாள் முழுவதும் தமிழ் அடிப்பேன். அங்கேதான் லினக்ஸ் பழகினேன். கணினியை இயக்கும் மென்பொருள்களில் அது இலவசமானது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தன் பெயரில் வெளியிடலாம். அதனால் அதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. எங்கள் பக்கத்துப் பலாவை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒரே பழத்தின் கொட்டைகளைத்தான் நடுகிறோம். ஒரு மரம் தேனாகக் காய்க்கிறது, பக்கத்து மரம் சப்பென்று காய்க்கிறது, மூன்றாவது மரத்தில் சுளை பெரியது, ஆனால் பால் பிசுபிசுவென்று விடவே விடாது.

என் பழைய மடிக்கணினி தாங்கக்கூடியது மிக இலேசான ஒரு வகையைத்தான். அதற்கு நான் வைத்த பெயர் குச்சி. அவளுடைய புதிய மடிக்கணினியில் இருந்த வகைக்குப் பகட்டு என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது.

பகட்டில் இருந்த ஒவ்வொன்றையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். மின்கலம் இன்னும் எத்தனை சதவீதம் என்று எண்ணிலேயே காட்டும். குச்சியில் ஒரு பச்சைக் கட்டைதான் உண்டு, அது பாதிவரை பச்சையாகவே இருந்துவிட்டுப் பட்டென்று அணைந்துவிடும். பகட்டில் ஒரு கோப்பின் மேல் நின்று இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் திறக்காமலேயே உள்ளே இருப்பது தெரியும். பிரிண்டரை இணைத்தால் அதுவே பெயர் சொல்லிக் கண்டுபிடித்துக்கொள்ளும். குச்சியில் பிரிண்டரைச் சேர்க்க நான் கறுப்புத் திரையில் ஏழு வரிக் கட்டளை அடிக்க வேண்டும், அப்போதும் அது முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்துவிட்டு நின்றுவிடும். அவள் திரையில் திறந்த ஒரு சன்னலைச் சுருக்கும்போது அது மெதுவாகக் குழைந்து கீழே போகும். என்னுடையது சட்டென்று காணாமல் போகும். ஒரு சன்னல் எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கெல்லாம் பொறாமைப்படுவாளா ஒருத்தி? நான் பட்டேன். அவள் வீட்டுக்குப் போனால், அவள் அம்மா தேநீர் போட உள்ளே போன நேரத்தில், அந்தச் சன்னலை நாலைந்து முறை சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பேன்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. பகட்டை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மெனுப் பட்டியல்களைத் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் என்ற தலைப்பின் கீழே, உலகத்து ஆட்களோடு ஆளாக, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவளின் பெயர். கல்லூரியில் யாரோ சொல்லி, இருபது வரி மொழிபெயர்த்தாளாம். "அது ஒண்ணுமில்ல புள்ள, சும்மா ஒரு நாள் சாயங்காலம் செஞ்சது" என்றாள். அவளுக்கு அது ஒரு சாயங்காலம். எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கணினி ஆய்வகத்தில் பன்னிரண்டு பழைய கணினிகள் இருந்தன. அவற்றில் இருந்த மென்பொருளுக்கு வயதாகிவிட்டது, புதியது வாங்க வழியில்லை. "நீங்க ரெண்டு பேருமே ஏதோ இலவசமா ஒண்ணு இருக்குன்னு சொல்றீங்களாமே. ஆளுக்கு ஒரு மெஷின் எடுத்துக்கங்க. அடுத்த வாரம் டீச்சருங்க முன்னாடி காட்டுங்க. எது ஒத்து வருதோ அதையே பன்னெண்டுலயும் போடுவோம். போடுற பொண்ணே லேபைப் பாத்துக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துல சொல்லி இந்த வருசத்துக்கு வேலை போட்டுத் தாரேன்" என்றார்.

ஆய்வக வேலை. நான் படித்த பள்ளியில், நான் விரலைத் தூக்கி "டீச்சர் டீச்சர்" என்று கத்திய அதே வகுப்புகளின் பக்கத்து அறையில். வீட்டில் சொன்னபோது அம்மா, "அப்ப நீயும் டீச்சராத்தா?" என்று கேட்டாள். "டீச்சர் மாதிரிம்மா" என்றேன். மறுநாள் பூக்கொல்லையில் அந்த 'மாதிரி' உதிர்ந்துவிட்டது. அம்மா எல்லோரிடமும் டீச்சர் என்றே சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாரமும் நான் தூங்கியது குறைவு. குச்சி மட்டும் போதாது என்று தெரிந்தது. வேறு வகைகளைப் பள்ளிக் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினேன். ஒன்றில் தமிழ் நன்றாக வந்தது, வைஃபை இல்லை. வைஃபை வந்ததில் கணினி ஒருமுறை உறங்கினால் எழவில்லை. எழுந்ததில் ஒலி இல்லை. எல்லாம் இருந்த ஒன்று தினமும் ஏதாவது புதுப்பித்தல் கேட்டது, என் கைப்பேசியின் ஒருநாள் டேட்டா முழுவதையும் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே தின்று தீர்த்தது. இதெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள்தானே, ஒருவனிடம் இருப்பதை இன்னொருவன் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கணினித் திரையோடு சண்டை போட்டேன். கடைசியில் குச்சிக்கே திரும்பினேன். அதில் தமிழ்த் தட்டச்சு மட்டும் தண்ணீர் போல ஓடும். அந்த ஒன்றை நம்பிப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் தமிழாக்கினேன். பட்டியல்கள் தமிழ், கோப்புறைகள் தமிழ், தேதி தமிழ். கடவுச்சொல் கேட்டபோது விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி அதையும் தமிழிலேயே அடித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, புள்ளி புள்ளியாகத்தானே தெரியும் என்று, அப்போது மனதில் இருந்ததையே அடித்தேன்.

அவளுக்குமுன்னாடி.

அதுதான் என் கடவுச்சொல். கணினியைத் திறந்ததும் நேராக உள்ளே போகட்டும் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் குறியும் இட்டுவிட்டேன். அதனால் அது ஒருமுறைகூட வாசலில் நிறுத்தி என்னிடம் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை.

காட்டும் நாள் வந்தது. தலைமையாசிரியை, தமிழாசிரியர், கணக்கு டீச்சர், ஆய்வகத்தைத் திறந்து மூடும் அக்கா, நாங்கள் இருவர். அவள் முதலில் காட்டினாள். பகட்டு அந்தப் பழைய கணினியில் திறக்கவே பள்ளி மணி ஒருமுறை அடித்து ஓயும் நேரம் ஆனது. ஆனால் திறந்ததும் கணக்கு டீச்சர் "ஏ, அழகா இருக்கே!" என்றார். பிரிண்டரை இணைத்தாள், உடனே அச்சு வந்தது. சன்னல் குழைந்து கீழே போனது. நான் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தமிழாசிரியர் உட்கார்ந்து கேள்வித்தாள் ஒன்று அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் அடித்து இடைவெளி விட்டதும் அதன் கடைசி எழுத்து மறைந்துபோனது. மறுபடி அடித்தார், மறுபடியும் மறைந்தது.

"என்னம்மா இது, என் வார்த்தையெல்லாம் வாலறுந்த பல்லியா ஓடுது?"

"ஒரு தடவ கூடுதலா அடிச்சா நின்னுரும்யா" என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது.

"கேள்வித்தாள் பூரா ரெண்டு ரெண்டு தடவையா அடிக்கச் சொல்ற?"

அந்த இரண்டு நிமிடங்கள் என் வாழ்வின் இனிமையான நிமிடங்களில் சேரும். மறைக்க விரும்பவில்லை.

என் முறை வந்தது. குச்சி நொடியில் திறந்தது. தமிழாசிரியர் அடித்தார். எழுத்துகள் ஒன்றுகூட உதிரவில்லை. அவர் அரைப் பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து, "இது கேள்வித்தாளுக்குன்னே பொறந்தது" என்றார். பிரிண்டர் முதல் பக்கம் மட்டும் அச்சடிக்கும் என்பதால் ஒரு பக்கத்தோடு நிறுத்தச் சொன்னேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலைமையாசிரியைக்குப் பிடித்துவிட்டது, அவர் கையைக் கட்டி நின்ற விதத்திலேயே தெரிந்தது. தேநீர் வந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே குடித்தோம். நான் அதுவரை அதைச் சும்மா விட்டதே இல்லை; இப்போது பத்து நிமிடம் யாரும் தொடாததால் கணினி தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

திரையில் ஒரு வெள்ளைக் கட்டம். கடவுச்சொல்லைக் கேட்டது. முதல் முறையாகக் கேட்டது.

விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. குச்சியின் பூட்டுத் திரைக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். பகட்டின் பூட்டுத் திரையில் மொழி மாற்ற ஒரு சின்னக் குறி மூலையில் இருக்கும், குச்சியில் அது இல்லை. வீட்டையெல்லாம் தமிழாக்கிவிட்டு, வாசல் காவல்காரனைக் கேட்க மறந்திருக்கிறேன். கணினியை அணைத்துப் போட்டிருந்தால் கேட்காமலே உள்ளே போயிருக்கும். அது அப்போது தோன்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே பொத்தானைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் தலைமையாசிரியை.

"பாஸ்வேர்டு தமிழ்ல வச்சுட்டேன் டீச்சர். இங்க தமிழ் அடிக்க வரல."

"அதனால என்ன? என்ன வார்த்தைன்னு சொல்லு, அவ ஏதாவது வழி பாப்பா."

அவள் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்காலத்தில் உட்கார்ந்த அதே பக்கம். "ஏ புள்ள, சொல்லு. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணு உண்டுல்ல, அதக் கொடுத்துப் பாப்போம்" என்றாள். அவள் குரலில் ஏளனம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

ஐந்து பேர் என் வாயைப் பார்த்தார்கள்.

"மறந்துருச்சு டீச்சர்" என்றேன்.

தமிழாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். தலைமையாசிரியை திட்டாமல், அமைதியாகக் கேட்டார்: "தன் பாஸ்வேர்டையே மறக்குற பிள்ளைகிட்ட பன்னெண்டு மெஷினை எப்படிம்மா ஒப்படைக்கிறது?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலின் உள்ளே அந்தச் சொல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். வேலை அவளுக்குப் போனது.

அவள் கணினியை அணைத்து, தொடங்கும்போதே வரும் பழுதுநீக்கும் பட்டியலுக்குள் போய், ஐந்து நிமிடத்தில் என் பழைய கடவுச்சொல்லை அழித்துப் புதியது வைத்தாள். என்ன வார்த்தை என்று அது அவளுக்குக் காட்டவில்லை. அந்த நன்றியை நான் குச்சிக்கு மட்டும் சொல்லிக்கொண்டேன்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது அவள் சொன்னாள்: "நீ மறக்குற ஆளா? பத்தாவது பரீட்சை நம்பரை இப்பக் கேட்டாலும் சொல்லுவ. எவனாச்சும் நடிகன் பேரு வச்சிருந்தியா?"

"போடி."

"சொல்ல மாட்ட. சரி விடு. அய்யா ஒன் மெஷின்ல அரைப் பக்கம் அடிச்சாரு பாரு, எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த வாலறுற பிரச்சினைய ஒரு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன், எங்க இருக்குன்னே புடிபடல."

அவளுக்கும் வயிறு எரியும் என்பது எனக்குப் புதிய செய்தி. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் எரிந்த வயிற்றோடு அவள் ஆய்வகத்துக்குப் போகப் போகிறாள், நான் கண்ணீர் அஞ்சலி அடிக்கப் போகிறேன் என்று நினைத்ததும் அந்த ஆறுதல் பேருந்து வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

அம்மாவிடம் வேலை கிடைக்கவில்லை என்றேன். "அவுக அப்பா வெளிநாட்டு ஆளு, அதான்" என்றாள். நான் திருத்தவில்லை. அது இரண்டாவது பொய்.

அடுத்த சில நாள் எனக்கு அந்த வெள்ளைக் கட்டம் மட்டும்தான் கண்ணில் நின்றது. ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்தப் பூட்டுத் திரையை எழுதியவர்களின் இணையப் பக்கத்தைத் தேடிப் போனேன். குறைகளைச் சொல்ல ஒரு படிவம் இருந்தது. பூட்டுத் திரையில் மொழி மாற்ற முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடையில் பிறர் மனுக்களை எத்தனையோ அடித்திருக்கிறேன், என் சொந்த மனு அதுதான் முதல். மூன்று முறை எழுதி அழித்தேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் பதில் போட்டார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. குறையை அவர் கணினியில் வரவழைத்துப் பார்க்க, நான் வைத்த கடவுச்சொல்லைப் போல ஒன்றை எழுத்து மாறாமல் எழுதச் சொன்னார்.

அம்மா என்று எழுதினாலும் போதும். எழுதினேன். பிறகு அழித்தேன். இந்த ஒரு சொல்லுக்காக ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியாகிவிட்டது, முகம் தெரியாத ஓர் ஆளிடம் மூன்றாவது வேண்டாம் என்று தோன்றியது. அவளுக்குமுன்னாடி என்று அடித்தேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கக்கூடிய பக்கம் அது. அவளும் வாசிக்கலாம்.

அவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, பகட்டின் பூட்டுத் திரையில் இருக்கும் மொழிக் குறி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டி, நீங்களே இதில் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

முடியுமா என்று என்னிடம் கேட்டால் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. இருபத்து மூன்று நாள் ஆனது. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் அதற்கே போனது. கடைசியில் என் மடிக்கணினியில், குச்சியின் வெள்ளைக் கட்டத்துக்கு மேலே ஒரு சின்ன 'த' வந்து உட்கார்ந்தது. அதை அழுத்தி, இதிலும் கடவுச்சொல்லாக வைத்திருந்த அந்தப் பழைய சொல்லையே அடித்து உள்ளே போனேன்.

அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கவனித்தேன். இந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் என் பெயரும் ஒரு பட்டியலில் ஏறும். குச்சிக்கும் பகட்டுக்கும் பொதுவான வேறொரு பட்டியல் அது, மொழிபெயர்த்தவர்கள், நிரல் எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றாக இருப்பது. அவள் பெயரும் அதில் இருக்கிறது. பெயர்கள் அகரவரிசையில். என் பெயர் எப்படிப் பார்த்தாலும் அவள் பெயருக்கு மூன்று வரி கீழேதான் வரும்.

வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது, ஏழு வருடம்.

அனுப்பினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

சென்ற வாரம் பள்ளிப் பக்கம் போனபோது ஆய்வகத்துச் சன்னல் வழியாகத் தமிழாசிரியரின் குரல் கேட்டது. "இன்னும் வால் அறுந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு!" அவள் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. கடைக்கு வந்து, பகட்டின் தமிழ்த் தட்டச்சுக்கான கோப்புகளை இறக்கிக்கொண்டேன். குச்சியில் இருப்பவற்றோடு வரி வரியாக ஒப்பிட்டேன். இடைவெளிப் பொத்தானை அழுத்தும்போது கடைசி எழுத்து எந்த வரியில் தொலைகிறது என்று நேற்று மாலை கண்டுபிடித்துவிட்டேன். குறைகளைச் சொல்லும் படிவத்தை அவளுடைய வகையின் இணையப் பக்கத்திலேயே திறந்து, நிரப்பி, திருத்தத்தை நானே எழுதித் தருகிறேன் என்று என் பெயரைப் போட்டுவிட்டேன்.